டெக்சஸில் பாஸ் மீன்பிடிப்பு: தூண்டில் முதல் பழைய படகு வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாலஸ், ஹூஸ்டன் பக்கம் குடியிருந்து, வார இறுதியில் ஏரிக்குப் போகத் தொடங்கியிருக்கும் தமிழர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. விதிகளும் ஏரிகளும் டெக்சஸைச் சேர்ந்தவை. தூண்டில், படகு பற்றிய பதில்கள் எந்த மாநிலத்துக்கும் பொருந்தும்.

பாஸ் என்பது நம் ஊர்க் கொடுவாதானே?

இல்லை. சென்னைக் கடைகளில் ‘சீ பாஸ்’ என்று எழுதி விற்கும் கொடுவாவுக்கும் இதற்கும் பெயரில் மட்டும்தான் உறவு. இங்கே எல்லோரும் துரத்துவது லார்ஜ்மவுத் பாஸ். முழுக்க நன்னீர் மீன், சன்ஃபிஷ் குடும்பம். வாயை மூடியிருக்கும்போதே தாடையின் கோடி கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். விலாவில் தலையிலிருந்து வால் வரை கருப்புப் பட்டை ஓடும். இரண்டு பவுண்டு மீன் சாதாரணம், ஐந்து பவுண்டு என்றால் அன்றைக்கு வீட்டில் சொல்லிக் காட்டலாம். உலகச் சாதனை 1932இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ். 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்தது அதைவிட ஒரு அவுன்ஸுக்கும் குறைவாகவே கூடுதல் என்பதால் இரண்டையும் சமம் என்றே பதிவு செய்திருக்கிறார்கள்.

லைசென்ஸ் வேண்டுமா? எத்தனை மீன் எடுத்துப் போகலாம்?

17 வயது ஆகிவிட்டால் லைசென்ஸ் வேண்டும். டெக்சஸ் ஸ்டேட் பார்க் உள்ளே கரையிலிருந்தோ மேடையிலிருந்தோ பிடித்தால் லைசென்ஸ் தேவையில்லை. இந்த விளையாட்டு நமக்குப் பிடிக்குமா என்று பார்க்க அதுதான் செலவில்லாத வழி.

மாநிலப் பொது விதிப்படி லார்ஜ்மவுத் பாஸ் நாளொன்றுக்கு ஐந்து, ஒவ்வொன்றும் குறைந்தது 14 இன்ச். பல ஏரிகளுக்குத் தனி விதி உண்டு, புதியவர்கள் மாட்டுவது அங்கேதான். லேக் ஃபோர்க்கில் 16க்கும் 24க்கும் இடைப்பட்ட நீள மீனை வைத்துக்கொள்ளவே கூடாது. 24 இன்ச்சோ அதற்கு மேலோ இருந்தால் நாளுக்கு ஒன்று. மீனைப் பலகையில் கிடத்தி, வாயை மூடி, வாலைக் கூட்டிப் பிடித்து அளக்க வேண்டும். வாலை விரித்து அளந்தால் நீளம் குறைத்துக் காட்டும். 16 இன்ச்சைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் மீனைத் தண்ணீரில் விட்டுவிடுங்கள். கிளம்பும் முன் அந்த ஏரிக்கான விதியை பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

முதலில் எந்த ராட் (தூண்டில் கோல்), எந்த ரீல் (நரம்பு சுற்றும் கருவி)?

ஸ்பின்னிங் ரீலில் தொடங்குங்கள். ஏழடி மீடியம் ராட், 2500 அல்லது 3000 அளவு ரீல், 10 முதல் 15 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னிய) நரம்பு, நுனியில் ஆறேழு அடிக்கு 8 பவுண்டு ஃப்ளூரோகார்பன். வேறெதுவும் வாங்காமல் ஒரு வருடம் ஓட்டலாம்.

இரண்டாவதாக பெய்ட்காஸ்டர், அதாவது வீசும்போது ஸ்பூல் (நரம்பு சுற்றிய உருளை) தானே சுழலும் ரீல். ஏழடி மீடியம் ஹெவி, ஃபாஸ்ட் ஆக்‌ஷன், 7:1ஐ ஒட்டிய கியர் விகிதம், 15 பவுண்டு ஃப்ளூரோகார்பன். புல்லுக்குள்ளிருந்தும் முங்கிய மரங்களுக்கு இடையிலிருந்தும் மீனை இழுத்தெடுக்கும் வலு இதில்தான் கிடைக்கும். ராட்டில் மிச்சம் பிடித்தாலும் ரீலில் பிடிக்காதீர்கள். மிக மலிவான பெய்ட்காஸ்டரின் பிரேக் சீராக வேலை செய்யாது, கற்றுக்கொள்பவரின் பொறுமையைத்தான் அது சோதிக்கும்.

பெய்ட்காஸ்டரில் ஒவ்வொரு வீச்சிலும் நரம்பு சிக்கிக் குருவிக்கூடு ஆகிறதே?

வீசிய இரை காற்றில் வேகம் குறைகிறது; ஸ்பூல் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வெளியே போக வழியில்லாத நரம்பு ஸ்பூலிலேயே குவிந்து சிக்குகிறது. சரிசெய்யும் முறை:

1. அரை அவுன்ஸ் எடையைக் கட்டுங்கள். இலேசான இரையில் பழகாதீர்கள்.
2. ராட்டைக் கிடையாகப் பிடித்து பட்டனை அழுத்தி விடுங்கள். எடை மெல்ல இறங்க வேண்டும். தரையில் பட்டதும் ஸ்பூல் ஒரு சுற்றுக்கு மேல் ஓடக் கூடாது. ஓடினால் கைப்பிடிப் பக்கமுள்ள சிறு குமிழை இறுக்குங்கள்.
3. மறுபக்கத்து காந்த பிரேக்கை முக்கால்வாசிக்கு ஏற்றி வையுங்கள். பழகப் பழக ஒவ்வொரு எண்ணாகக் குறைக்கலாம்.
4. இரை தண்ணீரைத் தொடும் கணத்தில் கட்டைவிரலை ஸ்பூல்மேல் வைத்து நிறுத்துங்கள். பாதிச் சிக்கல் இதை மறப்பதால் வருவதுதான்.
5. எதிர்காற்றில் வீசாதீர்கள்.

சிக்கிவிட்டால் கத்தியை எடுக்க வேண்டாம். கட்டைவிரலால் ஸ்பூலை அழுத்திப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள், பிறகு பட்டனை அழுத்தி நரம்பை இழுங்கள். மேலே எழும்பி நிற்கும் வளையங்கள் படிந்து, பெரும்பாலான சிக்கல் தானாக அவிழ்ந்து வரும். வரவில்லையென்றால் இன்னொரு தடவை.

நரம்பில் எது நல்லது?

நம் ஊரில் தங்கூசி என்கிற நைலான் நரம்பு மெதுவாகவே மூழ்கும், இழுத்தால் நீளும். நீர்மட்டத்தில் ஓடும் இரைக்குச் சரி. ஃப்ளூரோகார்பன் மூழ்கும், தண்ணீரில் எளிதில் தெரியாது, தொட்டதைக் கைக்குச் சொல்லும். ஆனால் முடிச்சை எச்சில் தொட்டு நனைக்காமல் இறுக்கினால் உரசல் சூட்டிலேயே வலுவிழந்து, நல்ல மீன் வரும்போது அறுந்துபோகும். பிரெய்டு துளியும் நீளாது. ரப்பர் தவளை இரைக்கும் அடர்ந்த புல்லுக்கும் 50 முதல் 65 பவுண்டு பிரெய்டுதான். பிரெய்டை வெறும் ஸ்பூலில் நேரே சுற்றினால் மொத்தச் சுற்றும் வழுக்கிக்கொண்டு சுழலும். ரீல் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அடியில் பத்துச் சுற்று நைலான் போட்டு அதன் மேல் பிரெய்டு சுற்றினால் தீர்ந்தது. மூன்றுக்கும் பாலமார் முடிச்சு ஒன்றே போதும்.

கடையில் ஆயிரம் இரை தொங்குகிறது. எதை வாங்குவது?

ஐந்து வகை போதும். ஐந்து அங்குல மென்புழு (சென்கோ மாதிரி), டெக்சஸ் ரிக்குக்கான பிளாஸ்டிக் புழு, ஒரு ஸ்பின்னர்பெய்ட் (சுழலும் தகடு கொண்ட இரை), அரை அவுன்ஸ் லிப்லெஸ் கிராங்க்பெய்ட் (மீன் வடிவக் கடின இரை), ஒரு ரப்பர் தவளை. நிறத்தில் தலையைக் குடைந்துகொள்ள வேண்டாம்: தெளிந்த நீருக்குப் பச்சையும் பழுப்பும் கலந்த நிறம், கலங்கிய நீருக்குக் கருப்பும் நீலமும், சிறுமீன் கூட்டம் தெரிந்தால் வெள்ளை. தொங்குகிற மற்றவற்றில் பலவும் மீனைவிட மனிதரைப் பிடிக்கச் செய்தவை.

எதுவுமே கடிக்காத நாளில் மென்புழுவின் நடுவில் ஒற்றை முள்ளைக் குத்தி, எடையே இல்லாமல் போட்டு, தானாக இறங்க விடுங்கள். இரண்டு முனையும் துடித்துக்கொண்டே இறங்கும். குத்திய இடம் சீக்கிரம் கிழியும் என்பதால் புழுவில் ஒரு ரப்பர் வளையம் மாட்டி, முள்ளை வளையத்துக்கு அடியில் செருகினால் ஒரு புழு பல மீனுக்கு வரும்.

டெக்சஸ் ரிக் எப்படிக் கட்டுவது? என் புழு முறுக்கிக்கொண்டு சுற்றுகிறது.

நரம்பில் முதலில் கால் அவுன்ஸ் துப்பாக்கிக் குண்டு வடிவ எடை, கூர்முனை ராட்டைப் பார்த்தபடி. பிறகு 3/0 அல்லது 4/0 அளவு வளைகழுத்து முள்ளைக் கட்டுங்கள். முள்ளின் நுனியைப் புழுவின் தலையில் நேர்நடுவே கால் அங்குலம் செலுத்தி, பக்கவாட்டில் வெளியே எடுங்கள். முள்ளின் கழுத்து தலைக்குள் போய் உட்காரும்வரை இழுத்து, முள்ளை அரைவட்டம் திருப்புங்கள். இப்போது புழுவை முள்ளின் பக்கத்தில் தொங்கவிட்டு, வளைவு புழுவைத் தொடும் இடத்தை நகத்தால் குறித்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் நுனியைக் குத்தி, மறுபுறம் வந்ததும் நுனியை மட்டும் மேல்தோலில் இலேசாகப் புதையுங்கள். புல்லில் மாட்டாது, மீன் கடித்தால் தோலைக் கிழித்துக்கொண்டு முள் வெளியே வரும்.

முறுக்குவதற்குக் காரணம் ஒன்றுதான்: குறித்த இடத்துக்கு முன்னாலோ பின்னாலோ குத்தியிருக்கிறீர்கள், அதனால் புழு வளைந்து நிற்கிறது. கழற்றி மறுபடி குத்துங்கள். வளைந்த புழுவுடன் நாள் முழுக்க வீசினால் நரம்பும் சேர்ந்து முறுக்கேறிவிடும்.

வீசிய பிறகு சுழற்றி இழுக்காதீர்கள். தரை தொடும்வரை விட்டு, ராட் நுனியை ஓரடி உயர்த்தி, மறுபடி விழவிடுங்கள். கடி பெரும்பாலும் விழும்போதுதான் வரும்: ஒரு சுண்டல், அல்லது நரம்பு தானே பக்கவாட்டில் நகர்வது, அல்லது இருந்த கனம் திடீரென்று இல்லாமல் போவது. தளர்வைச் சுருட்டிவிட்டு ஓங்கி இழுங்கள்.

தவளையை மீன் அடிக்கிறது, ஆனால் மாட்டவே மாட்டேன் என்கிறது.

ஊரில் விராலுக்குத் தவளை போட்டவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டாம். சத்தத்தைக் கேட்டதும் இழுத்தால் தவளை மீனின் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். தவளை கண்ணுக்கு மறைந்து, கனம் கையில் தெரிந்த பிறகு இழுங்கள். முள்ளின் இரு நுனியையும் கொறட்டால் ஒரு நூல் அளவு வெளிப்பக்கம் விரித்துவிட்டால் மாட்டுவது கூடும். அதிகம் விரித்தால் புல் மாட்டும்.

இங்கே விரால் கிடைக்குமா?

கிடைத்தாலும் வைத்திருக்கக் கூடாது. விரால் இனங்களை உயிரோடு கொண்டுவருவதை 2002 முதல் அமெரிக்கா தடை செய்திருக்கிறது. டெக்சஸிலும் அது தடைசெய்யப்பட்ட மீன்.

எந்தப் பருவத்தில் மீன் எங்கே இருக்கும்?

பிப்ரவரி, மார்ச்சில் தண்ணீர் 55 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டும்போது மீன்கள் ஆழத்திலிருந்து கிளம்பிக் கரைப்பக்கம் வரத் தொடங்கும். சாம் ரேபர்ன் போன்ற ஏரிகளில் அப்போது முங்கிய புல்லின் தலைமேல் சிவப்பு லிப்லெஸ் கிராங்க்பெய்ட்டை இழுப்பது பழைய வித்தை. புல்லில் மாட்டியதும் வெடுக்கென்று பிய்த்தெடுங்கள். அந்தப் பிய்ப்பில்தான் அடிக்கும். 60ஐத் தாண்டியதும் ஆழமில்லாத இடத்தில் முட்டையிடும், ஆண் மீன் கூட்டைக் காக்கும். கோடையில் விடியற்காலை ஒரு மணி நேரம் கரையோரம், வெயில் ஏறியதும் 15 முதல் 25 அடி ஆழத்தில் மேடு, பழைய சாலை, ஓடைக்கரை. இலையுதிர் காலத்தில் ஷாட் என்னும் சிறுமீன் கூட்டம் ஓடை வாய்க்குள் போகும், பாஸ் அதன் பின்னால் போகும். குளிரில் எல்லாவற்றையும் பாதி வேகத்தில் செய்யுங்கள்.

குழம்புக்கு ஆகுமா?

14, 15 இன்ச் மீன் ஆகும். மண்வாடை தோலிலும் நடுவில் ஓடும் சிவப்புச் சதையிலும்தான். இரண்டையும் நீக்கி, உப்பும் மஞ்சளும் போட்டு அலசி, புளி தூக்கலாக வையுங்கள். உண்மையைச் சொன்னால் குழம்புக்கு இதே ஏரியின் கெளுத்தி மேல், வறுவலுக்கு கிராப்பி என்னும் மீன் மேல். பெரிய பாஸைத் திருப்பி விட்டுவிடுங்கள். கீழ்த்தாடையைப் பிடித்து, மறு கையால் வயிற்றைத் தாங்கித் தூக்குங்கள். தாடையில் மட்டும் கிடையாகத் தொங்கவிட்டால் தாடை உடையும். அப்படி விட்ட மீனுக்கு இரை தின்ன முடியாது. 13 பவுண்டும் அதற்கு மேலும் என்றால் மாநிலத்தின் ஷேர்லங்கர் திட்டத்தைக் கூப்பிடலாம். பெரிய மீன்களின் வாரிசுகளை வளர்த்து ஏரிகளில் விடுவதற்காக 1986 முதல் நடக்கும் திட்டம் அது.

படகு வாங்கியே ஆக வேண்டுமா? எங்கள் வேனில் இழுக்கலாமா?

முதல் வருடம் வேண்டாம். கரையும் கயாக்கும் போதும். வாங்குவதென்றால் முதலில் வண்டியைப் பாருங்கள். ஒடிஸி, சியன்னா வேன்களின் இழுவை வரம்பு 3,500 பவுண்டு. 20 அடி ஃபைபர்கிளாஸ் பாஸ் படகு டிரெய்லர், பேட்டரி, பெட்ரோல், சாமான் எல்லாம் சேர்ந்து அதைத் தாண்டிவிடும். 17 அடி அலுமினியப் படகு 2,000 பவுண்டை ஒட்டி வரும். வேன் வைத்திருப்பவருக்கு அதுவே சரி.

பழைய படகில் எதைப் பார்க்க வேண்டும்?

மினுக்கும் பெயின்டைப் பார்க்காதீர்கள். அரை நாள் பாலிஷ் போட்டால் எந்தப் படகும் மினுங்கும். பணத்தைத் தின்பது கண்ணில் படாத நான்கு இடங்கள்.

முதலாவது டிரான்ஸம், அதாவது மோட்டாரைத் தாங்கும் பின்சுவர். பழைய ஃபைபர் படகுகளில் இதன் உள்ளே மரப்பலகை இருக்கும். சோனார் கருவி மாட்ட யாரோ போட்ட திருகுத் துளையை சிலிக்கோன் வைத்து அடைக்காமல் விட்டால், அதன் வழியே ஊறிய தண்ணீர் பல வருடம் கழித்துப் பலகையை மாவாக்கிவிடும். மோட்டாரைப் பாதி உயர்த்தி, அதன் கீழ்நுனியில் உங்கள் பாரத்தைப் போட்டு அமுக்குங்கள். இன்னொருவர் சுவரின் மேல்விளிம்பையும் போல்ட்டுகளைச் சுற்றியும் உற்றுப் பார்க்கட்டும். சுவர் அசைந்தாலோ, போல்ட் வாயில் நீர் கசிந்தாலோ, உள்மூலைகளில் கீறல் வாய் திறந்தாலோ அந்தப் படகு வேண்டாம். சுவரை மாற்றும் செலவு பல பழைய படகுகளின் விலைக்குச் சமம். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் முழுச் சுவரையும் தட்டிப் பாருங்கள். கெட்டிச் சத்தம் நடுவில் எங்காவது ‘பொத்’தென்று மாறினால் அங்கே நீர் ஊறியிருக்கிறது. ஜெல்கோட்டில் சிலந்தி வலைபோல் மெல்லிய கீறல்கள் மட்டும் என்றால் அது மேல்பூச்சு விவகாரம், பயமில்லை.

இரண்டாவது தரை. செருப்பைக் கழற்றிவிட்டு ஓர் அங்குலம் விடாமல் நடங்கள். நுரைமெத்தைபோல் அமுங்கும் இடம் இருக்கக் கூடாது. முன்மேடையில் டிரோலிங் மோட்டார் (படகை மெல்ல நகர்த்தும் சிறு மின்மோட்டார்) மாட்டிய இடத்தைச் சுற்றி இன்னொரு தடவை நடந்து பாருங்கள்.

மூன்றாவது மோட்டாரும், அதன் அடியில் கியர் இருக்கும் கீழ்ப்பெட்டியும். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரெஷனையும் அளந்து பாருங்கள். எண் எவ்வளவு என்பதைவிட, சிலிண்டர்களுக்கிடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இல்லாததுதான் முக்கியம். கீழ்ப்பெட்டியின் அடித் திருகைக் கொஞ்சம் தளர்த்தி கியர் ஆயிலை ஒரு கிண்ணத்தில் பிடியுங்கள். தண்ணீர் அடியில் தங்குவதால் கெட்டது முதலில் வரும். பால்காப்பி நிறத்தில் இருந்தால் சீல் போய்விட்டது. திருகின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருப்பது சகஜம். நகத்தில் உறுத்தும் இரும்புத் துணுக்கு இருந்தால் கியர் தேய்கிறது. கியரை நியூட்ரலில் வைத்து ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றிவிட்டு, நடுத்தண்டின் நுனி தள்ளாடுகிறதா பாருங்கள். தள்ளாடினால் தண்டு வளைந்திருக்கிறது, மரக்கட்டையில் மோதியிருக்கிறது. ப்ரொப்பெல்லரைக் கழற்ற விற்பவர் சம்மதித்தால் அதன் பின்னால் நரம்பு சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். சீலை அறுப்பது பெரும்பாலும் அதுதான்.

நான்காவது டிரெய்லர். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 3519 என்றால் 2019இன் 35ஆம் வாரம் செய்தது. ஆறு வயது தாண்டிய டயர், கோடு எவ்வளவு ஆழமாக இருந்தாலும், மாற்ற வேண்டியதுதான். பதினைந்து மைல் இழுத்துப் போய் நிறுத்தி, சக்கரக் குடத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு, கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் காலி.

பேட்டரி, சார்ஜர், பம்ப், மீட்டர் எல்லாம் பேரம் பேச உதவும். அவற்றுக்காக நல்ல டிரான்ஸம் உள்ள படகை விட்டுவிடாதீர்கள். 24 வோல்ட் டிரோலிங் மோட்டாருக்கு இரண்டு பேட்டரி, 36 வோல்ட்டுக்கு மூன்று, இதுபோக பெரிய மோட்டாரை ஸ்டார்ட் செய்ய ஒன்று தனியாக. எல்லாமே ஒரே வயதில் செத்துக் கிடந்தால் அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

ஏரியில் ஓட்டிப் பார்ப்பது அவசியமா?

ஓட்டிக் காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள். நீங்கள் போகும்போது எஞ்சின் சில்லென்று இருக்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் குளிர் ஸ்டார்ட் பிரச்சினையை மறைக்கிறார் என்று சந்தேகப்படலாம். முழு வேகத்தில் ஆர்.பி.எம். அந்த மோட்டாரின் கையேடு சொல்லும் எல்லைக்குள் வர வேண்டும். வராவிட்டால் ப்ரொப்பெல்லர் பொருந்தவில்லை அல்லது ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. லைவ்வெல்லை (பிடித்த மீனை உயிரோடு வைக்கும் தொட்டி) நிரப்பிப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். கரையேறியதும் படகின் அடிக்கிடங்கைத் திறந்து பாருங்கள். அங்கே இருக்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று விற்பவர் சொல்லும் பதிலை வைத்தே பாதி முடிவெடுக்கலாம்.

காகிதங்கள்?

டெக்சஸில் படகுக்கு ஒரு டைட்டில் (உரிமைப் பத்திரம்), பின்சுவரில் மாட்டும் அவுட்போர்டு மோட்டாருக்குத் தனி டைட்டில். இரண்டும் விற்பவர் பெயரில் இருக்க வேண்டும். ‘மோட்டார் டைட்டில் எங்கேயோ இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன்’ என்றால் அது வந்த பிறகு பணம் கொடுங்கள். பின்சுவரின் வலப்பக்க மேல்மூலையில் பொறித்த 12 எழுத்து அடையாள எண்ணையும், மோட்டார் தாங்கியில் உள்ள வரிசை எண்ணையும் காகிதத்தோடு ஒப்பிடுங்கள். பழைய கடன் பாக்கி இருந்தால் தீர்ந்ததற்கான கடிதம் வேண்டும். 1993 செப்டம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் 15 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட படகை ஓட்ட, படகோட்டிப் பயிற்சிச் சான்றும் வேண்டும்.

வாங்கியதும் முதலில் எதை மாற்றுவது?

தண்ணீர் பம்பின் இம்பெல்லர், கியர் ஆயில், பெட்ரோல் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், டிரெய்லர் பேரிங் கிரீஸ். விற்பவர் போன மாதம்தான் மாற்றினேன் என்று சத்தியம் செய்தாலும் மாற்றுங்கள். இம்பெல்லர் ரப்பர், ஓடாமல் நின்றாலே இறக்கைகள் மடங்கி விறைத்துப்போகும். வீட்டு வாசலில் மோட்டாரைத் தண்ணீர்க் குழாய் மாட்டாமல் ‘ஒரு நொடி’ ஸ்டார்ட் செய்து பார்ப்பவர்கள் அதைக் கருக்கிவிடுகிறார்கள்.

படகை ஏரியில் இறக்கும்போது எது மறந்துபோகும்?

அடியில் இருக்கும் வடிகால் அடைப்பான். அதைச் சாவிக்கொத்தோடு கட்டி வையுங்கள். அடைப்பானை மாட்டாமல் சாவி கைக்கு வராது. அடுத்தது பின்பக்கப் பட்டைகள். அவிழ்க்காமல் இறக்கினால் படகு டிரெய்லரோடு ஒட்டிக்கொண்டே நிற்கும். ஓட்டும்போது அவசர நிறுத்தக் கயிற்றை உடம்பில் மாட்டிக்கொள்ளுங்கள். 2021 ஏப்ரல் முதல் அது கூட்டாட்சிச் சட்டம். 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டே இருக்க வேண்டும். படகைக் கரையேற்றும்போது அடைப்பானைக் கழற்றி லைவ்வெல், கிடங்கு எல்லாவற்றையும் வடித்துவிட்டுத்தான் சாலைக்கு வர வேண்டும். ஜீப்ரா மஸ்ஸல் என்னும் சிப்பி ஏரிக்கு ஏரி பரவாமலிருக்க மாநிலமே போட்ட விதி இது.

மோட்டார் ஓடுகிறது, ஆனால் பின்னால் தண்ணீர் பீய்ச்சவில்லை.

உடனே அணைத்துவிடுங்கள். நேற்றுவரை பீய்ச்சியது என்றால் இம்பெல்லரைக் குறை சொல்லும் முன் தண்ணீர் பீய்ச்சும் சிறு துளையில் பழைய நைலான் நரம்புத் துண்டு ஒன்றை விட்டுக் குத்திப் பாருங்கள். கோடையில் இரண்டு வாரம் படகு சும்மா நின்றால் குளவி அதற்குள் மண்கூடு கட்டிவிடும்.